கையெழுத்தும் கைநாட்டும்

ஆதிவாசிக் கலையில் தனிமனிதப் பிரக்ஞைக்கு இடமில்லை, சமூகமே வரைகிறது, அங்கே போய்க் கையெழுத்துக் கேட்பது மேற்கத்தியப் புத்தி என்று நம் இலக்கிய நண்பர்கள் சிலர் சொல்லிவருகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கு லாபமாக இருக்கிறது என்பதே என் கேள்வி.

மத்திய அரசின் டிரைஃபெட் 2017 முதல் டில்லியில் ‘ஆதி மஹோத்சவ்’ நடத்திவருகிறது. பழங்குடிக் கலையைக் கொண்டாடுவதும் விற்பதும் ஒரே பந்தலில். இதன் சின்னச் சாயல்கள் பல ஊர்களில் உண்டு. அப்படி ஒன்றில் நீலகிரிக் குறும்பர் ஓவியம் ஒன்று வாங்கினேன். வேங்கைப் பிசின், இலைச்சாறு, கரி, மண் இவற்றால் ஆன நிறங்கள். பாறையில் தேனடை, தொங்கும் கொடி ஏணி. ரசீதில் ‘குறும்பா பெயின்டிங் – 1’ என்றிருந்தது. வரைந்தது யார் என்றேன். விற்றவருக்குத் தெரியவில்லை. அது அவரை உறுத்தவில்லை. பஸ் ராஜபாளையம் வந்து சேரும்வரை என்னையும் உறுத்தவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். செண்பகத்தோப்பிலிருந்து இறங்கிவரும் பளியர் முதியவர் தம் சொந்தப் பணத்தில் ஐந்நூறு ரூபாய் எடுக்க வந்தால் பெயர், கைநாட்டு, சாட்சி எல்லாம் கேட்கிறேன். இன்னொரு மலைக்காரரின் ஓவியத்தை எடுத்துக்கொண்டு வரும்போது பெயர்கூட எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆண்டாள் கோயில் மண்டபத் தூணில் எந்தச் சிற்பி கையெழுத்திட்டான் என்று மடக்குகிறார்கள். இடவில்லைதான். அந்தத் தூணை யாரும் பில் போட்டு விற்கவும் இல்லை. எங்கள் பக்கத்துப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நியாயம். கிண்டியவர் பெயர் தின்கிறவனுக்கு வேண்டாம், ஊர்ப்பெயர் போதும். வார்லி ஓவியத்துக்கு 2014இலும் கோண்டு ஓவியத்துக்கு 2023இலும் அதே குறியீடு கொடுத்தார்கள். போலிகளைத் தடுக்க உதவலாம். அதோடு நின்றுவிட்டால் ஓவியம் பால்கோவா அலமாரிக்குப் போய்ச்சேரும்.

சமூகமே வரைகிறது என்போர் ஜன்கர் சிங் ஷியாமைப் பார்க்கட்டும். கோண்டுகளின் பாணர்களான பர்தான் மரபில் வந்தவர். 1982இல் போபாலில் பாரத் பவன் எழுந்த காலத்தில் ஓவியர் ஜே. சுவாமிநாதன் மூலம் தாளுக்கும் கித்தானுக்கும் வந்தார். பாட்டில் இருந்த தெய்வங்களுக்குப் புள்ளியாலும் கோட்டாலும் உருவம் கண்டுபிடித்தார். 1989இல் பாரிஸ் கண்காட்சிவரை போனார். 2001இல், ஜப்பானில் வேலைக்குப் போன இடத்தில், தற்கொலை செய்துகொண்டார். இன்று ‘கோண்டு பாணி’ என்று விற்பதில் பெரும்பகுதி அவரிடமிருந்து கிளைத்தது. சமூகம் பாட்டைக் கொடுத்தது. கோடு அவருடையது.

பெயர் வெறும் அகங்காரம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் ஜானி வாரங்குலாவின் ஓவியம் ஒன்று 1972இல் 150 டாலருக்கு விற்றது. 1997இல் அதுவே 2,06,000 டாலருக்கும் 2000இல் 4,86,500 டாலருக்கும் ஏலம் போயிற்று. சட்டப்படி அவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. மறுவிற்பனையில் ஓவியருக்கு 5 சதவீதம் என்ற சட்டம் அங்கே 2010இல்தான் அமலுக்கு வந்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்திலேயே 53ஏ பிரிவு வந்துவிட்டது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுபடி விற்றால் ஓவியருக்கோ வாரிசுக்கோ 10 சதவீதத்துக்கு மிகாத ஒரு பங்கு உண்டு. ‘குறும்பா பெயின்டிங் – 1’ என்ற ரசீதை வைத்துக்கொண்டு எந்த வாரிசு எந்த வாசலில் போய் நிற்பார்?

கண்காட்சிகளை மூடச் சொல்லவில்லை. அந்த வரும்படியில் அடுப்பெரியும் வீடுகள் உண்டு. ரசீதில் ஒரு வரி கூட்டச் சொல்கிறேன்: வரைந்தவர் பெயர், ஊர், தேதி. எழுதத் தெரியாதவர் பெருவிரலைப் பதிக்கட்டும். வங்கியில் அது செல்லுகிறது.

அந்த ஓவியம் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. யார் வரைந்தது என்று வருகிறவர்கள் கேட்டால் குறும்பர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் தெரியாது என்கிறேன்.