அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

பள்ளிக் கணினிக் கூடத்தில் பாதி வேலையில் கணினி ‘ஹேங்’ ஆகிவிட்டால், நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். விசையை அழுத்திப் பிடித்து அணைக்கிறோம், மறுபடியும் திறக்கிறோம். கணினி எழுந்துவிடுகிறது. கோளாறு தீர்ந்தது என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால், தீரவில்லை, தடயம்தான் அழிந்தது.

எந்த நிரல் எங்கே நிற்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்பதெல்லாம் ‘ராம்’ என்னும் நினைவகத்தில் இருக்கிறது. மின்சாரம் நின்றதும் அது வெறுமையாகிவிடும். அந்த நினைவகத்தை நிரல்களுக்குப் பங்கிட்டுத் தருவது இயங்குதளத்தின் மையமான ‘கெர்னல்’. பங்கீட்டில் சிக்கல் வந்தால் கணினி முழுவதுமே உறைந்துபோகலாம்.

அந்தச் சிக்கலில் இரண்டு வகையை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். குறுகிய வளைவில் இரண்டு வாகனங்கள் எதிரெதிரே வந்து நிற்கின்றன. “நீ முதலில் பின்வாங்கு” என்று இருவருமே காத்திருந்தால் எவரும் நகர முடியாது. இரண்டு நிரல்கள் ஒன்றிடம் உள்ளதற்காக மற்றொன்று காத்திருப்பதும் இப்படித்தான். இது முட்டுநிலை.

மற்றொன்று, இடப்பற்றாக்குறை. மேசை சிறியது, புத்தகங்களோ அதிகம். ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து வருகிறீர்கள். உடனே பழையது தேவைப்படுகிறது. நாள் முழுவதும் நடந்ததுதான் மிச்சம், படிப்பு நடக்கவில்லை. ராமில் இடம் போதாமல் கெர்னல் தரவுகளை வட்டுக்கும் ராமுக்கும் மாற்றி மாற்றி நகர்த்தும்போது இதுவே நடக்கிறது.

இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதில் நிரலைத் திருத்த வேண்டும். பின்னதில் சில நிரல்களை மூடினாலே போதும். வட்டு விளக்கு ஓயாமல் மின்னினால் இடப்பற்றாக்குறையைச் சந்தேகிக்கலாம். விளக்கு அடங்கி, சுட்டியும் அசையாவிட்டால் முட்டுநிலையாக இருக்கலாம். லினக்ஸ் கெர்னலும் உதவுகிறது: ஒரு பணி வட்டு போன்ற ஒன்றுக்காக 120 வினாடிகளுக்கு மேல் அசையாமல் காத்திருந்தால், அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பதிவேட்டில் எழுதும் வசதி அதில் உண்டு.

“மறுபடி திறந்தால் வேலை ஆகிவிடுகிறதே, பிறகென்ன?” என்று கேட்கலாம். நாசாவின் ‘ஸ்பிரிட்’ ஊர்தியின் கதையே இதற்குப் பதில். 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய அந்த ஊர்தி, சில வாரங்களுக்குள் தானாகவே திரும்பத் திரும்ப அணைந்து திறந்தது, 60 முறைக்கும் மேல். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இடறியது. பொறியாளர்கள் கிடைத்த சிறு தகவல்களை வைத்துக் காரணத்தைத் தேடினார்கள். ஃபிளாஷ் சேமிப்பகத்தில் கோப்புகள் பெருகிவிட்டன. அவற்றின் பட்டியலை ஏற்றுவதற்கு ராமில் இடம் போதவில்லை. ஃபிளாஷைத் தொடாமல் எழுந்திருக்கும்படி ஊர்திக்குக் கட்டளை அனுப்பினார்கள். பின்னர் தேவையற்ற கோப்புகளை நீக்கினார்கள். 90 நாள் பணிக்காக அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010 வரை நம்மோடு பேசியது.

தேர்வு நேரத்தில் உட்கார்ந்து ஆராய முடியாதுதான். ஆனால் ஒரு நிமிடம் ஒதுக்கலாம். என்ன நேரம், எந்தெந்த நிரல்கள் திறந்திருந்தன, கடைசியாக எதை அழுத்தினோம், விளக்கு மின்னியதா, சுட்டி அசைந்ததா என்று குறித்துக்கொண்டு அணைக்கலாம். ஒவ்வொரு கணினிக் கூடத்திலும் இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஒரே கணினி, ஒரே நிரல், ஒரே கோளாறு என மூன்று பதிவுகள் சேர்ந்தால், ஆசிரியரிடம் “மறுபடியும் ஹேங்” என்று சொல்ல வேண்டியதில்லை. எதனால் என்றே சொல்லலாம்.

கணினியைப் பயன்படுத்தப் பலர் கற்றுத் தருகிறார்கள். அது ஏன் நின்றது என்று கேட்பதையும் பள்ளியிலேயே பழக வேண்டும். அதற்குப் புதிய கணினி தேவையில்லை; உங்கள் கூடத்தில் அடிக்கடி உறையும் அந்தப் பழைய கணினியே போதும்.