அண்ணனூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு ரயில்பெட்டிப் பள்ளி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்,

அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் படிக்கப்படும் நாவல், ஆர்.ஜே. பலாசியோ 2012இல் வெளியிட்ட ‘வொண்டர்’. பிறவியிலேயே முகம் மாறுபட்ட ஆக்கி என்ற பத்து வயதுப் பையன் முதன்முறையாகப் பள்ளிக்குப் போகும் கதை அது. அது பிறந்த விதம் பெற்றோருக்கே ஒரு பாடம். ஐஸ்கிரீம் கடை வாசலில் அப்படியொரு முகமுள்ள சிறுமியைப் பார்த்ததும் பலாசியோவின் சின்ன மகன் அழுதுவிட்டான். சிறுமியின் மனம் நோகுமே என்று அவர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவசரமாக நகர்ந்துவிட்டார். நின்று நாலு வார்த்தை பேசியிருக்கலாமே என்ற உறுத்தல்தான் நாவலானது.

நம் பக்கத்தில் இத்தகைய தருணங்களுக்குக் குறைவில்லை. பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு வளர்கிறார்கள். அவர்களைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்பதும் கேலி செய்வதும் நட்பாகிவிடாது. நட்புக்கு, அடுத்தவர் இடத்தில் கொஞ்ச நேரம் வாழ்ந்து பார்க்க வேண்டும். நீதிக்கதையில் நல்லவர் யார் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நாவல்தான் பிள்ளையை அடுத்தவர் இடத்தில் நெடுநேரம் உட்கார வைக்கிறது.

அதற்குத் தமிழிலேயே புத்தகங்கள் உண்டு. முதலில் வாங்க வேண்டியது ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. டெட்சுகோ குரோயாநாகி 1981இல் ஜப்பானில் வெளியிட்டது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் கொண்டுவந்தது. உண்மை வாழ்க்கைதான், ஆனால் நாவலாகவே ஓடும். ஒரு பள்ளி வெளியேற்றிய ஒன்றாம் வகுப்புச் சிறுமி டோட்டோ-சானை, வேறொரு பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி மணிக்கணக்கில் பேசவிட்டுக் கேட்கிறார். அவருடைய பள்ளியின் வகுப்பறைகள் பழைய ரயில் பெட்டிகள். அண்ணனூர் பணிமனையில் ரயில்கள் நிற்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நுழைவாசல் வேண்டுமா? போலியோவால் பாதிக்கப்பட்ட யாசுவாகியைத் தன் மரத்தில் ஏற்ற டோட்டோ-சான் படும் பாடு ஓர் அத்தியாயம். உடல் வளர்ச்சி நின்றுபோன தகாஹாஷியே ஜெயிக்கும்படி விளையாட்டுப் போட்டிகளை அமைக்கிறார் கோபயாஷி. கருணை என்று யாரும் அங்கே பிரசங்கம் செய்வதில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ கொடுக்கலாம். 2020ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல். தவறான தொடுதலைப் பற்றிப் பேசுகிறது என்பதால் பெற்றோரும் கூடவே படிப்பது நல்லது.

விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ நாவல் அல்ல, சிறு கதைப் புத்தகம். ஆனாலும் இந்தப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் பின்னுள்ள சாதியைப் பற்றியது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. கயிற்றை அவிழ்க்க ஆணை போதும். அது ஏன் கட்டப்பட்டது என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கதைதான் வேண்டும்.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’வும் சிறிய கதைதான், கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவியைப் பற்றியது. மனதை உலுக்கும் முடிவு. எட்டாம் வகுப்புக்குக் கொடுக்குமுன் ஆசிரியர்கள் படித்துவிட வேண்டும்.

பிறந்தநாள் என்றால் வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுக்கிறோம். இந்த ஆண்டு அந்தப் பணத்தில் ஒரு டோட்டோ-சான் வாங்கி, பிள்ளையின் பெயரை முதல் பக்கத்தில் எழுதி, வகுப்பு அலமாரிக்குக் கொடுங்கள். அலமாரியைப் பூட்டி வைக்காதீர்கள்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அம்பத்தூர்க்காரர்