காரணிக்கு ஓர் உருவம் இருக்கு

எக்ஸ் வர்க்கத்திலிருந்து வை வர்க்கத்தைக் கழித்தால் காரணி என்ன என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். சாதாரண தரத்துக்கு அப்படித்தான் பாடமாக்கினோம். எதுக்கு என்டு நாங்களும் கேட்கல்ல, ஆரும் சொல்லவும் இல்ல. பெறுபேறு வந்த கையோட கணிதத்துக்கு ஸலாம் சொல்லிட்டுக் கலைப்பிரிவுக்கு வந்தவங்கதான் எங்கள்ல பாதிப் பேர்.

போன லீவுல நிந்தவூர் கடற்கரையில, கணிதம் படிக்கிற கூட்டாளி ஒருத்தன் அதே கோவையைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தி மணல்ல கீறிக் காட்டினான். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு நேர்கோடுகள். பிரதான வீதியைக் கடற்கரைக்குப் போற ரோட்டு வெட்டுற சந்தி மாதிரி. ஒரு காரணிக்கு ஒரு கோடு. அப்போ, காரணிப்படுத்துவது என்பது ஓர் உருவத்தை அதன் துண்டுகளாகப் பிரிப்பது! 11 வருஷம் கணிதம் படிச்ச எங்களுக்கு இது புதுசு.

அவன் படிக்கிறது பரிமாற்று அட்சரகணிதம். பல்லுறுப்பிகளைப் போல, வரிசை மாற்றிப் பெருக்கினாலும் விடை மாறாதவற்றின் பாடம். கேத்திரகணிதம் இல்லாம படிச்சா வரைவிலக்கணம் மட்டும்தான் மிஞ்சும் என்பது அவனுடைய முறைப்பாடு. அத்தியாவும் மக்டொனால்டும் 1969இல் எழுதிய பெயர்போன பாடநூலிலேயே உருவங்கள் பெரும்பாலும் பயிற்சிகளுக்குள்தான் ஒளிஞ்சிருக்காம்.

காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியைப் பற்றியும் அவன்தான் சொன்னான். கடதாசிக் கீலம் ஒன்றை ஒரு முறுக்கு முறுக்கி முனைகளை ஒட்டினால், வெட்டாமல் அந்த முறுக்கை எடுக்க ஏலாது. வளையத்தின் மேல் அப்படி. தட்டையான வெளியின் மேல், பல்லுறுப்பிகளால் அமைப்பவற்றில் முறுக்கு வருமா? பிரெஞ்சுக் கணிதவியலாளர் செர் 1955இல் எழுப்பிய கேள்வியின் சாரம் இது. இரண்டு மாறிகள் என்றால் வராது என்று சேஷாத்ரி 1958இல் நிறுவினார். எத்தனை மாறி என்றாலும் வராது என்பதை 1976இல் குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியே நிறுவினார்கள். கேள்வி உருவத்தில் பிறந்தது, விடை அட்சரகணிதத்தில் வந்தது.

படம் ஏமாத்தும் என்டு சொல்ற சேர்மாரும் இருக்காங்க. உண்மைதான். பரவளைவு அச்சைத் தொட்டு நிற்கையில் கண்ணுக்கு ஒரு புள்ளிதான். சமன்பாடோ ஒரே மூலத்தை இரண்டு தரம் தருது. இரண்டு வெட்டுப்புள்ளிகள் நெருங்கி ஒன்றானதை அது மறக்கல்ல. 'சம மூலங்கள்' என்டு நாங்க மனப்பாடம் செஞ்சது இதைத்தான். ஆனா, கீறிப் பார்த்தாத்தானே படம் எதை மறைக்குது என்டு கேட்கவே தோணும்?

பாடத்திட்டத்தை மாத்தச் சொல்லல்ல. வரைபும் காரணியும் அதில ஏற்கனவே இருக்கு, வேற வேற அலகுல. ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே கரும்பலகையில போடுங்க என்டுதான் கேட்கிறோம். வீட்டுல தம்பி தங்கச்சிமார் இப்ப அதே காரணியைப் பாடமாக்கிட்டு இருக்காங்க. இந்த லீவுக்கு வரைபுத் தாளோடதான் ஊருக்குப் போறோம்.