நிலத்தை விற்று மகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பலாமா?

கேள்வி: ‘மகள் பிளஸ் 2 படிக்கிறாள். கடல்மீன் வளர்ப்பு பற்றி வெளிநாட்டில் பட்டப்படிப்பு படிக்க ஆசைப்படுகிறாள். 3 லட்சம் ரூபாய் முன்பணம் கட்டினால் இடம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். இருக்கும் 3 ஏக்கர் கரிசலில் ஒரு ஏக்கரை விற்றுவிடலாமா?’
– ஒரு விவசாயி, குளத்தூர், தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் கைக்கு வரும் வரை நிலத்தில் கை வைக்க வேண்டாம். ஏஜென்டுக்கு முன்பணமும் வேண்டாம்.

விண்ணப்பிக்க இடைத்தரகர் தேவையில்லை. பல்கலைக்கழக இணையதளத்தில் மாணவியே விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்துக்கு ‘யூகாஸ்’ என்ற ஒரே விண்ணப்பத்தில் 5 படிப்புகள் வரை கேட்கலாம். பள்ளி மதிப்பெண்கள், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், ‘ஏன் இந்தப் படிப்பு’ என்று மாணவியே எழுதும் கடிதம், ஐ.இ.எல்.டி.எஸ் போன்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், பாஸ்போர்ட் ஆகியவைதான் முக்கியம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் சேர, பிளஸ் 2 தொடக்கத்திலேயே வேலையை ஆரம்பிக்க வேண்டும். பல ஏஜென்ட்டுகளுக்குக் கல்லூரிகளே கமிஷன் தருகின்றன. அதனால், கமிஷன் தரும் கல்லூரியைத்தான் அவர்கள் ‘நல்ல கல்லூரி’ என்பார்கள்.

‘கட்டணமே இல்லை’ என்ற பேச்சையும் விசாரிக்க வேண்டும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால், விசாவுக்கு முன்பே ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ, அதாவது சுமார் 12 லட்சம் ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். நம் பிளஸ் 2 சான்றிதழை மட்டும் வைத்து அங்கே நேரடியாகப் பட்டப்படிப்பில் சேரவும் முடியாது.

கல்விக்கடன் பற்றியும் தெளிவு வேண்டும். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு தேவையில்லை. 4 லட்சத்துக்கு மேல் போனால் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம். 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். விவசாய நிலத்தைப் பெரும்பாலான வங்கிகள் ஈடாக ஏற்பதில்லை. 2002-ம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி விவசாய நிலத்தைக் கையகப்படுத்த முடியாது என்பதே காரணம். ‘நிலத்தை வைத்துக் கடன் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், வங்கி மேலாளரிடம் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அரசு உதவி பெரும்பாலும் முதுகலையிலிருந்துதான் தொடங்குகிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும் முதுகலை, ஆராய்ச்சிப் படிப்புகளுக்கானவை. இளநிலைக்கு, பல்கலைக்கழகமே தரும் உதவித்தொகையைத்தான் தேட வேண்டும். 2023-ல் தமிழக அரசுப் பள்ளி மாணவர்கள் சிலர் அப்படித்தான் தைவான் போனார்கள்.

இந்தப் படிப்புக்கு இன்னொரு வழி வீட்டருகிலேயே இருக்கிறது. இந்தியாவில் வளர்ப்பு முத்து எடுப்பதில் முதல் வெற்றி கிடைத்தது 1973-ல், உங்களுக்குப் பக்கத்து வேப்பலோடையில்தான். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இயங்குகிறது. பிளஸ் 2-வில் உயிரியல் எடுத்திருந்தால், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் மூலம் நான்காண்டு பி.எஃப்.எஸ்சி படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதை முடித்துவிட்டு முதுகலைக்கு வெளிநாடு போனால் செலவு குறையும். உதவித்தொகைக்கும் வாய்ப்பு கூடும்.

மகளின் ஆசைக்குத் தடை போட வேண்டாம். இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும். உதவித்தொகையோடு சேர்க்கைக் கடிதம் வந்தால் தாராளமாக அனுப்புங்கள். வராவிட்டால், உள்ளூர்க் கல்லூரி இருக்கிறது. ஒரு ஏக்கர் நிலமும் கையில் இருக்கும்.