பழைய காட்சிக்கு யார் சாட்சி?

அரசியல் வரலாற்றைச் சொல்லும் திரைப்படங்களில் அக்காலத்து நிஜக் காட்சிகளை இடையிடையே சேர்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தக் காட்சி ஓடும்போது ‘இது நடந்தது’ என்று மனம் ஒப்புக்கொள்கிறது. அடுத்து நடிகர்கள் பேசும் கற்பனை வசனத்துக்கும் அந்த நம்பிக்கை நீண்டுவிடுகிறது. சிக்கல் இங்குதான்.

கொரட்டூர், அம்பத்தூர் வாசகர்கள் இதைப் புரிந்துகொள்ளத் தூரம் போக வேண்டாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கு நடந்தது பக்கத்துப் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில்தான். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் புகைப்படக்காரர் ஹரிபாபு இறந்தார். அவருடைய கேமரா தப்பியது. அதிலிருந்த பத்துப் படங்கள் தணுவும் சிவராசனும் அங்கே இருந்ததைக் காட்டின. ஆனால் சதியில் இன்னும் யார் யாருக்குப் பங்கு என்பதைப் படம் சொல்லாது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. படம் எடுத்தது யார், எங்கே, அது எதை நிரூபிக்கிறது என்று நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை உண்டு. திரையரங்கில் அது கிடையாது.

ஆலிவர் ஸ்டோன் 1991இல் எடுத்த ‘ஜே.எஃப்.கே.’ இதற்குப் பெயர்போன உதாரணம். கென்னடி சுடப்பட்டபோது சாப்ரூடர் என்பவர் எடுத்த நிஜப் படச்சுருளோடு, தானே கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்சிகளையும் அவர் கலந்தார். எது நிஜம், எது நடிப்பு என்று பார்த்தவர்கள் குழம்பினார்கள். திறமைதான், நேர்மை என்று சொல்ல மனம் வரவில்லை.

நம் நாட்டில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) படத்தில் பாபரி மஸ்ஜித் இடிப்பு பத்திரிகைத் தலைப்புகள், புகைப்படங்கள் வழியாகவே வந்துபோனது. ஆனந்த் பட்வர்தனின் ‘ராம் கே நாம்’ ஆவணப்படமோ, இடிப்புக்கு முன்பே அயோத்தியில் கேமராவை வைத்தது. ராமஜென்மபூமி கோயிலின் பூசாரி லால்தாஸ், இது அரசியல் விளையாட்டு என்று அதில் வெளிப்படையாகப் பேசினார். 1993இல் அவர் கொல்லப்பட்டார். தேசிய விருது பெற்ற அந்தப் படம் நீதிமன்றம் தலையிட்ட பிறகே தூர்தர்ஷனில் வந்தது. கற்பனையைத் தூக்கிப்பிடிக்க நிஜக் காட்சி தாராளமாகக் கிடைக்கிறது. அது தானே பேச வந்தால் வழக்குப் போட வேண்டியிருக்கிறது.

‘தி கேரளா ஸ்டோரி’ விவகாரத்தில், 32,000 பெண்கள் என்ற கணக்குக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, இது புனைவு என்ற அறிவிப்பைச் சேர்க்கும்படி 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் படம் வெளியாகி இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஒரு சமுதாயத்தின் மேல் விழுந்த சந்தேகத்தை அந்த அட்டை எத்தனை பேரிடம் துடைத்திருக்கும்?

தடை கேட்பது தீர்வல்ல. அது படத்துக்கு இலவச விளம்பரம். நிஜக் காட்சி ஓடும்போதே தேதி, ஊர், எடுத்தவர் பெயர் திரையில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கதாநாயகன் சிகரெட் பற்றவைத்தால் திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம் வருகிறதே!