எண்ணெய்க் குளியலும் இறுதி விருப்பமும்

முன்பெல்லாம் ஆனி, ஆடி மாதங்களில் ஐந்தருவிக் கரையெங்கும் எண்ணெய் மணந்தது. உடல் முழுவதும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஐந்து கிளையாய் விழும் நீரின் கீழே தலையைக் கொடுத்து நின்ற முதியோரைக் கண்டபோது, முதுமை சாபமன்று என்று நமக்குத் தோன்றியது. ஆனால் அதே எண்ணெயை ஊற்றி முதியோரின் உயிரைப் போக்கும் வழக்கமும் நம் தென் மாவட்டங்களில் உண்டு. அதற்குத் தலைக்கூத்தல் என்று பெயர். விடியற்காலையில் தலை நனைய எண்ணெய் முழுக்காட்டு. பின்னர் இளநீர்மேல் இளநீர். தளர்ந்த உடல் குளிர்ந்து, ஓரிரு நாளில் எல்லாம் முடிந்துவிடும். 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. 'பாரம்' என்ற திரைப்படம் இக்கொடுமையைப் பேசித் தேசிய விருதும் பெற்றது.

இதைக் கொலை என்கிறோம், ஐயமின்றிக் கொலைதான். ஆயினும் தலைக்கூத்தலைக் கேட்டு முகம் சுளிக்கும் படித்த குடும்பங்களை நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். எண்பத்தைந்து வயதுத் தாயை, புற்று உடலெங்கும் பரவிய பின்னரும், தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கும் அங்கிருந்து மதுரைக்குமாக ஆம்புலன்சில் அலைக்கழித்து, வென்டிலேட்டரில் பூட்டி, கைகளைக் கட்டிலோடு கட்டவும் சம்மதித்துக் கையெழுத்திடுகிறீர்களே, அந்தத் தாயிடம் கேட்டீர்களா? அங்கே எண்ணெய், இங்கே இயந்திரம். இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. அங்கே உயிரைப் பறிக்கிறார்கள், இங்கே பாசத்தால் தவிக்கிறார்கள். ஆனால் இரு வீடுகளிலும் கேட்கப்படாதவர் ஒருவர்தாம்: படுத்திருப்பவர்.

கேட்கும் தெளிவு அவருக்கு இருந்த காலத்தில் ஏன் பேசவில்லை என்றால், "சாமி, ஆயுசு ஆண்டவர் கையில். அதை எழுதிவைப்பது பாவமில்லையா?" என்கிறார்கள். இன்னும் சிலருக்கு அது அபசகுனம். சொத்துக்கு உயில் எழுதும்போது மட்டும் ஆயுசு எவர் கையில் இருந்ததோ! நன்மரணத்துக்காகச் சூசையப்பரிடம் மன்றாடுவது நம் முன்னோரின் அன்றாடச் செபம். சாவைப் பற்றிப் பேசுவது அவநம்பிக்கை என்று அவர்கள் ஒருபோதும் எண்ணியதில்லை.

திருச்சபை இதில் தயங்கி நிற்பதாக நினைப்பவர்கள் அதன் போதனையை வாசிக்காதவர்கள். 1957 நவம்பர் 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மயக்க மருந்து வல்லுநர்களிடம் பேசியபோதே தெளிவாக்கினார்: சாதாரண வழிகளைக் கையாண்டு உயிரைப் பேணுவது கடமை, அசாதாரண வழிகளை நாடும் கட்டாயம் இல்லை. வலி தணிக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடுமாயினும், வலி தணிப்பதே நோக்கமானால் அதைக் கொடுக்கலாம் என்றும் அதே ஆண்டு பிப்ரவரியில் கூறியிருந்தார். குடும்பத்தின்மேல் தாங்கொணாச் செலவைச் சுமத்த விரும்பாமையையும் தகுந்த காரணமாக 1980-ஆம் ஆண்டின் உரோமை அறிக்கை ஏற்கிறது. வயலை விற்று ஐ.சி.யூ. கட்டணம் கட்டும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்த வரியை யார் படித்துக் காட்டுவது? 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் 2278-ஆம் எண்ணில், முடிவெடுக்க வேண்டியவர் நோயாளியே, அவருக்கு இயலாதபோது மட்டுமே பிறர் என்று உரைக்கிறது.

'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலை 1995-இல் எழுதிய இரண்டாம் யோவான் பவுலின் இறுதி நாள்களை எண்ணிப் பாருங்கள். 2005 மார்ச் இறுதியில் மூக்குவழிக் குழாயில் உணவை ஏற்றார். கடும் தொற்று தாக்கியபோது மருத்துவமனைக்குத் திரும்பாமல் வத்திக்கானில் தம் அறையிலேயே தங்கினார். ஏப்ரல் 2 அன்று அங்கேயே கண்மூடினார். அவர் தற்கொலை செய்துகொண்டார் என்று எவரேனும் சொல்வார்களா?

நிற்க. நாட்டின் சட்டத்துக்கு வருவோம். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 'காமன் காஸ்' வழக்கில், ஒருவர் தெளிந்த மனத்தோடு இருக்கும்போதே தம் மருத்துவ விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 'செயலற்ற கருணைக் கொலை' என்ற பொருத்தமற்ற சொல்லை நீதிமன்றமே ஆண்டதால், கொலைக்கு அனுமதி என்ற அளவிலேயே அது நம் மக்கள் காதில் விழுந்தது. அன்றைய விதிப்படி நீதித்துறை நடுவர் முன் செல்ல வேண்டியிருந்தமையால் பலருக்கு அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. 2023 ஜனவரி 24 அன்று விதி எளிதாயிற்று. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி போதும். நமக்காகப் பேச வேண்டியவர்களின் பெயர்களைக் குறிக்கலாம். மனம் மாறினால் எழுத்தாலேயே ரத்து செய்யலாம். ஆவணத்தைக் காட்டி ஒரு மருத்துவர் தன்னிச்சையாகச் சிகிச்சையை நிறுத்திவிடவும் முடியாது. மருத்துவமனை அமைக்கும் முதற்குழுவும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர் இடம்பெறும் இரண்டாம் குழுவும் இசைய வேண்டும். சொத்துக்குக் கண்வைத்த மகனுக்கு இங்கே எண்ணெய்க் கிண்ணம் கிடைக்காது.

ஒரு கண்டிப்பையும் சொல்லியாக வேண்டும். சட்டம் அனுமதிப்பது எல்லாம் நமக்கு ஏற்புடையதன்று. உணவும் நீரும் குழாய்வழியே கொடுக்கப்பட்டாலும் அவை பராமரிப்பே. உடல் அவற்றை ஏற்கும்வரை, அவற்றால் பயன் விளையும்வரை, நிறுத்தலாகாது என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2007-இல் பதிலளித்தது. ஆகவே எங்கோ அச்சிட்ட படிவத்தை வாங்கிக் கண்ணை மூடிக் கையெழுத்திடாதீர்கள். 'வென்டிலேட்டர் வேண்டாம், நின்ற இதயத்தை அழுத்தி மீட்க வேண்டாம். வலிக்கு மருந்து வேண்டும், நாவுக்கு நீர் வேண்டும், நோயிற்பூசுதல் வேண்டும்' என்று உங்கள் தமிழில் எழுதுங்கள். அந்தக் கடைசி வேண்டுகோளை எழுத மறவாதீர்கள். அவஸ்தைப்பூசுதல் என்று அஞ்சி, நினைவு தப்பிய பின்னரே குருவை அழைப்பதும், அதற்குள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு அடைபட்டிருப்பதும் நாம் அடிக்கடி காண்பது.

சிகிச்சையை மறுப்பவரைக் கைவிட்டுவிடவும் கூடாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து நோயின் துன்பம் தணிக்கும் சேவையும் உண்டு. அதைக் கேட்டுப் பெறுங்கள்.

நவம்பரில் கல்லறைத் திருநாளை ஒட்டி, ஒவ்வோர் அன்பியமும் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கட்டும். முதியவர் பேசட்டும், மகனும் மருமகளும் குறுக்கிடாமல் கேட்கட்டும். எழுதிய தாளின் நகலொன்று குடும்ப மருத்துவரிடம் இருக்கட்டும். மற்றொன்றை, ஞானஸ்நானச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே பெட்டியில் வையுங்கள்.