விஞ்ஞான விளக்கம்: கம்பியும் கணக்கிற் சேரும்

குழந்தைகளுக்கு ஏற்றப்படும் தடுப்பு மருந்துகளுட் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 பாகை சதம அளவைக்குள் குளிரூட்டியில் வைத்தல் வேண்டும். வெப்பங் கூடினால் மருந்து கெடும் என்பதை யாவரும் அறிவர். உறைந்தாலுங் கெடும் என்பதைப் பலர் அறியார். ஏற்புவலித் தடுப்பு மருந்து உறைந்து உருகினால் வீரியங் குன்றும். கண்ணுக்கு அது பெரும்பாலும் புலப்படாது.

ஆகவே, குளிரூட்டியினுள் வெப்ப உணரியொன்றை வைத்து, அதனைத் தரவுப் பதிகருவியோடு இணைத்து, இரவும் பகலும் வெப்பநிலையைப் பதிவுசெய்கிறார்கள். பிளாற்றினக் கம்பியாலான உணரி இதற்குப் பெயர்பெற்றது. 1887 இல் கலண்டர் என்னும் ஆங்கில அறிஞர் அதனை நம்பத்தக்க வெப்பமானியாக்கிக் காட்டினார். இன்று பெரிதும் வழங்கும் வகையில் 0 பாகையிலே தடை 100 ஓம். ஒரு பாகை ஏற 0.39 ஓம் ஏறும். பதிகருவி தடையை அளந்து பாகையாக மாற்றிக்கொள்கிறது.

இங்கேதான் இடறல் உண்டு. உணரிக்கும் பதிகருவிக்கும் இடையே 10 மீற்றர் தூரம் என்க. 0.22 சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பி போக ஒன்று, வர ஒன்று; ஆக 20 மீற்றர். அதன் தடை ஏறக்குறைய 1.6 ஓம். அற்பந்தானே என்று விட்டுவிடலாமா? 0.39 ஆல் வகுத்துப் பாருங்கள்: 4 பாகை! உணரியின் தடை எது, கம்பியின் தடை எது என்று கருவி அறியாது. மருந்து 5 பாகையில் நலமாயிருக்க, பதிவில் 9 என்று விழும். பொறுப்பாளர் பதறிக் குளிரைக் கூட்டுவார். பதிவு 5 காட்டும்போது மருந்தைச் சூழ்ந்திருப்பதோ 1 பாகை. இன்னுஞ் சிறிது திருகினால் உறையும். பதிவேடு மட்டும் குற்றமற்றதாயிருக்கும்.

பரிகாரம் நான்கு கம்பிகள். இரண்டின் வழியே சிறு மின்னோட்டம் செல்லும். ஏனைய இரண்டும் உணரியின் முனைகளிடையே தோன்றும் அழுத்த வேறுபாட்டை மாத்திரம் கருவிக்கு அறிவிக்கும். அவற்றில் ஓட்டம் இல்லையென்றே சொல்லலாம். ஓட்டமில்லாத கம்பியில் அழுத்த வீழ்ச்சியும் இல்லை. மாணவர் ஓமின் விதியை நினைவுகூர்க. மூன்று கம்பி முறையும் உண்டு. அது கம்பிகள் யாவும் ஒத்த தடையுடையன என்று நம்பி நடப்பது. ஒரு முனையிற் களிம்பேறினால் அந்த நம்பிக்கை பொய்க்கும்.

இணைத்து முடிந்ததும், நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் உணரியை அமிழ்த்துங்கள். நெடுங்கம்பியைக் கழற்றாது பொருத்தியபடியே செய்தல் வேண்டும். குறுங்கம்பியால் மேசையிற் சோதிப்பது வீண்வேலை. சில நிமிடங்களிற் கருவி 0 காட்டவேண்டும். 4 காட்டினால், கம்பிகளை எண்ணிப் பாருங்கள்.